பாறைத் திருப்பத்தில் கேட்ட குரல்

கண்ணு, சனிக்கிழமை நீ மலை ஏறி வர வேண்டாம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நீ எந்தக் கடிதத்தையும் கடைசி வரை படிக்கிறவன் இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள். உனக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லாமல் இப்படி எழுதவில்லை. குதிரில் சாமை இருக்கிறது. பலா காய்த்துத் தொங்குகிறது. நீ வருகிறாய் என்று கேட்டதும் உன் அம்மா சாணியைக் கரைத்து வீடு மெழுக ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அவளை நிறுத்தி, உன் கடிதத்தை இன்னொரு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். பாதி மெழுகின தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "வர வேண்டாமுன்னு எழுதுங்க" என்றாள். ஆகவே இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவது. கை என்னுடையது. பிடிவாதம் பாதிக்கு மேல் அவளுடையது.

நீ எழுதியதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் சொல். உன் ஊரில் தேர் ஓடுவதற்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. தேர் போகிற வழியில் பள்ளிவாசல் இருக்கிறது. மேளம் நிற்காமல்தான் போகும் என்கிறார்கள் கோவில் தெருக்காரர்கள். தொழுகை நேரத்தில் வாசலில் மேளம் கொட்டினால் சும்மா இருக்கமாட்டோம் என்கிறார்கள் பள்ளிவாசல் தெருக்காரர்கள். வருஷா வருஷம் ஒரு வெற்றிலைத் தட்டோடு பேசி முடிந்த விஷயம், வடக்கே ஊர் ஊராக எரிகிற சேதி பேப்பரில் வரத் தொடங்கிய பிறகு கத்தியைத் தொட்டுப் பார்க்கிற விஷயமாகிவிட்டது. இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் நீ வாத்தியார் என்பதால் உன்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அந்தப் பேச்சு, யார் தெரு முந்தியது என்று தொடங்கி யார் சாமி பெரியது என்று முடிந்தது. வெளியே வரும்போது எவனோ எறிந்த கல் உன் தோளில் விழுந்தது. அன்று சாயங்காலமே பள்ளிவாசல் தெருவில் ஒரு வளையல் கடையையும் கோவில் தெருவில் ஒரு வெற்றிலைக் கடையையும் உடைத்தார்கள். "பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை அப்பா, போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். பயமாக இருக்கிறது என்று எழுதவில்லை. ஆனால் அச்சடித்த மாதிரி எழுதுகிற உன் கையெழுத்து இந்தத் தடவை வரிக்கு வரி சரிந்து கீழே இறங்கியிருக்கிறது. தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் அம்மா.

வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். அதற்குத்தான் இவ்வளவு தாள் வாங்கி வரச் சொன்னேன். உன் மாமாவின் கால் எப்படி ஊனமானது என்று உனக்கு யார் என்ன சொல்லியிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. மழையில் பாறை வழுக்கிவிட்டது என்று அவர் உன்னிடம் சொல்லியதை ஒரு தடவை நானே காதால் கேட்டேன். நீ அப்போது அவர் மடியில் உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாய். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அன்றைக்கு மழையே இல்லை கண்ணு. அந்த வருஷம் முழுவதுமே மழை இல்லை. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் வெறுப்பு வந்தால் வரட்டும். வெறுப்போடே நான் சொல்வதைக் கேட்டால் போதும்.

உனக்கு ஐந்தாறு வயது இருக்கும். நான் அப்போது பல ஊர் சேர்ந்த நம் வளப்பூர் நாட்டுக்குக் கங்காணி. நாட்டுத் தலைவரான பட்டக்காரர் சொல்கிற சேதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்கிற வேலை. கையில் ஒரு தடி கொடுப்பார்கள். அந்தத் தடியைப் பிடித்தபடி வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட நிமிர்ந்துதான் நிற்பேன் என்று உன் அம்மா இன்றைக்கும் கேலி செய்கிறாள். அந்த வேலைக்கு ஒரு கட்டு உண்டு. சேதியை வாங்கியதும் கிளம்பிவிடக் கூடாது. சொன்னவர் முன்னால் நின்று, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "அதுதான்" என்ற பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். ஒரு சொல் குறைந்தாலும் கூடினாலும் மறுபடி முதலிலிருந்து. இதை ஞாபகத்தில் வை. பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு கட்டு, நீயும் அறிந்ததுதான். மலைப் பாதையில் தலைச்சுமையை இறக்கி வைத்தவன் தனியாகத் தூக்க முடியாது. நின்று, "கை குடுங்கோ" என்று கூப்பிடுவான். அந்தக் குரல் காதில் விழுந்தவன், பகையாளியாக இருந்தாலும், பெண் கொடுக்காமல் முறித்துக்கொண்டவனாக இருந்தாலும், போய் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டுப் பேசாமல் போகலாம். தூக்காமல் போகக் கூடாது.

உன் மாமாவும் இன்னும் நாலு வீட்டுக்காரர்களும் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தது அதற்கு முந்தின வருஷம். அவர்கள் வீடுகளில் விஷக்காய்ச்சல் வந்தபோது நாங்கள் எல்லையில் வேப்பிலை கட்டிவிட்டு அந்த ஐந்து வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மலைக்குப் புதிதாக வந்திருந்த பாதிரித் துரை மட்டும் உள்ளே போனார். மருந்து கொடுத்தார், உன் மாமா பிள்ளையின் தலைமாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிழைத்தது. இனி வேறு சாமியைத் தொழுவதில்லை என்று மாமா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். புதுப் பெயர் ஒன்றும் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவர் வீட்டு நாய்கூட அவரைக் கூப்பிட்டதில்லை, அது வேறு விஷயம்.

அம்மன் பண்டிகை வந்தது. சப்பரம் தூக்க வீட்டுக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும். ஒரு வீடு தோள் கொடுக்காவிட்டாலும் அம்மன் எழுந்திருக்க மாட்டாள் என்பது நம் நாட்டு நம்பிக்கை. ஐந்து வீடும் தோள் கொடுக்க முடியாது என்றது. உடனே ஒரு பேச்சு வைத்தோம். உன் ஊர்ப் பேச்சை நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அதே பேச்சுத்தான். நம் பூசாரி ஒரு பக்கம், துரை ஒரு பக்கம். துரை பேசின தமிழைப் பூசாரி பாடிக் காட்டினார், எல்லோரும் சிரித்தோம். துரை அம்மனைக் கல் என்றார், சிரிப்பு நின்றது. எந்தச் சாமி மழை கொடுக்கும், எந்தச் சாமி காய்ச்சல் தீர்க்கும் என்று ஒரு பகல் முழுவதும் ஏலம் போட்டார்கள். நான் தடியோடு நடுவில் நின்று, யார் ஜெயிக்கிறார்கள் என்று கோழிச் சண்டை பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஊற்றடியில் தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் குடங்கள் உடைந்தன, ஒருவன் மண்டையும் உடைந்தது. பண்டிகை நடக்கவில்லை. மழை பெய்யவில்லை. சாமை முளைத்துக் கருகியது. யாரால் என்று கேட்க ஊருக்கு வெகு நேரம் ஆகவில்லை.

நாடு கூடி, ஐந்து வீட்டுக்கும் விலக்குச் சொன்னது. நெருப்புக் கொடுக்கக் கூடாது, ஊற்றில் தண்ணீர் மொள்ள விடக் கூடாது, சுமைக்குக் கை கொடுக்கக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது பட்டக்காரரே ஒரு கணம் நிறுத்தினார். நான் திருப்பிச் சொன்னேன், அவர் "அதுதான்" என்றார். ஐந்து வீட்டு வாசலிலும் முள் வெட்டிப் போட்டவன் நான். உன் மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "பெரிய முள்ளாப் போடுங்க மாப்ளே, ஆடு தாண்டிரும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்கம்தான் அப்படி ஆத்திரமாக வருகிறது என்று அப்போது தெரியவில்லை.

இருபது இருபத்தைந்து நாள் போயிருக்கும். தேவனூர் நாட்டுக்கு ஒரு சேதி சொல்லிவிட்டுச் சுமை ஏதும் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். உச்சிவெயில். பாறைத் திருப்பத்தில், ஒரு பக்கம் சரிவும் ஒரு பக்கம் பாறையுமாக இருக்குமே, அங்கே உன் மாமா நின்றார். முந்தின வருஷத்துச் சாமை, கடைசி மூட்டை போலிருக்கிறது, சந்தைக்குக் கொண்டுபோக எடுத்து வந்திருக்கிறார். மூச்சு வாங்க இறக்கி வைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது, மலர்ந்தது. "கை குடுங்க மாப்ளே" என்றார். நான் தடியைப் பார்த்தேன். மேலே கீழே பார்த்தேன். அந்தப் பாதையில் ஓர் ஆள் இல்லை. நான் தூக்கிவிட்டிருந்தால் நாட்டுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் இடமில்லை. நான் அவரைக் கடந்து நடந்தேன். பின்னாலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார். திரும்பாமல் நடந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் பெயரைச் சொன்னார். நடந்தேன். அப்புறம் கல் உருளுகிற சத்தம் கேட்டது. கல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரை எடுத்து வந்தவர் ராவுத்தர். வருஷத்தில் இரண்டு தடவை மட்டக்குதிரைகளோடு மலை ஏறி மிளகும் கடுக்காயும் வாங்கிப் போவாரே, வெள்ளைத் தாடி, அவர்தான். சரிவில் முனகல் கேட்டு இறங்கிப் போய், மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு ஆளைக் குதிரைமேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். மூட்டையைத் தனியாகத் தூக்கப் போய்ச் சரிவில் விழுந்திருக்கிறார், தொடை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போடுகிறவர் விலக்குக்குப் பயந்து நாலு நாள் வரவில்லை. அதனால்தான் அந்தக் கால் குட்டையாகச் சேர்ந்தது. "என்ற அண்ணன் உங்களைப் பாத்தாரா, நீங்க அந்த வழியாத்தான வந்தீங்க" என்று உன் அம்மா கேட்டாள். நான் குறுக்குவழியாக வந்தேன் என்றேன். பொய் சொன்னேன் கண்ணு, கண் சிமிட்டாமல் சொன்னேன்.

உன் அம்மா அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில், ஊரே பார்க்க, அடுப்பிலிருந்து தணலை அள்ளி ஒரு சட்டியில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நான் போட்ட முள்ளைக் காலால் தள்ளினாள். கணுக்காலில் முள் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் பார். பட்டக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உன்ற ஊட்டுக்கும் விலக்குச் சொல்லோணும், நீயே போய்ச் சொல்லு" என்றார். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். தடியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "இந்தச் சேதியை நான் எடுக்க மாட்டேனுங்க" என்றேன். வீரத்தில் வைக்கவில்லை. வீட்டில் எனக்கும் நெருப்பு இருக்காதே என்ற பயமும் அதில் கலந்திருந்தது. ஆனால் வைத்துவிட்டேன்.

கங்காணி தடியை வைத்தால் நாடு கூடியாக வேண்டும். இந்தத் தடவை ஐந்து வீட்டையும் கூப்பிட வேண்டும் என்று உன் அம்மா பட்டக்காரர் வாசலில் போய் நின்றாள். கோவில் பக்கம் வரமாட்டோம் என்றார்கள் அவர்கள். ஜெபக்கொட்டகைப் பக்கம் காலே வைக்கமாட்டோம் என்றார்கள் இவர்கள். பாறைத் திருப்பத்துக்கு மேலே சுமைக்காரர்கள் நிழலுக்கு ஒதுங்கும் ஆலமரத்தடியில் கூடுவது என்று ஆயிற்று. அந்த இடம் எந்தச் சாமிக்கும் சொந்தம் இல்லை. துரையையும் பூசாரியையும் இந்தத் தடவை தயவுசெய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் கோபம். நடுவில் ராவுத்தர் உட்கார்ந்தார். அவரை இரண்டு பக்கமும் நம்பினதற்குக் காரணம், அவர் இரண்டு பக்கத்துச் சாமியையும் கும்பிடாதவர், ஆனால் முறிந்த காலைக் குதிரையில் ஏற்றினவர்.

ராவுத்தர் சொன்னது இவ்வளவுதான். "உங்க கங்காணி கிட்ட ஒரு பழக்கம் பாத்திருக்கறேனுங்க. சொன்னதைத் திருப்பிச் சொல்லாம அவரு நகர மாட்டாரு. இன்னிக்கு நாம எல்லாரும் கங்காணியா இருப்போம். ஒருத்தர் சொல்லட்டும். எதிர்ல இருக்கறவரு அதை அப்படியே திருப்பிச் சொல்லோணும். சொன்னவரு அதுதான்னு சொன்ன பொறவு, பதில் சொல்லலாம். எந்தச் சாமி பெருசுங்கற பேச்சு மட்டும் வேண்டாம், அதைத் தீத்து வெக்க என்னால ஆவாது."

எளிதாக இருக்கிறது என்று நினைப்பாய். உட்கார்ந்து பார், தெரியும். பட்டக்காரர் முதலில் சொன்னது, அம்மனுக்குத் தோள் கொடுக்காதவன் இந்த மண்ணில் ஏர் கட்டக் கூடாது என்பது. உன் மாமா கட்டுப் போட்ட காலை நீட்டியபடி அதைத் திருப்பிச் சொன்னார். "அதுதான்" என்றார் பட்டக்காரர். ராவுத்தர், "அந்தப் பேச்சுக்கு அடியில என்ன பயமுங்க" என்று கேட்டார். பிறகு அந்தப் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு அஞ்சு ஊடு. நாளைக்கு எத்தனையோ. நான் செத்தா என்னைத் தூக்க நாலு தோள் மிஞ்சுமான்னு இருக்குது" என்றார். உன் மாமா திருப்பிச் சொன்னார். "நீங்க செத்தா தூக்கத் தோள் மிஞ்சாதுன்னு பயப்படறீங்க." "அதுதான்." அப்புறம் மாமா சொன்னார், "புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப எவரும் வரல. வந்தவருக்கு வாக்குக் குடுத்துட்டேன், அதை மீற முடியாது. அம்மனைத் தூக்கச் சொல்லாதீங்க. உங்களைத் தூக்கச் சொல்லுங்க, ஓடி வாரோம்." பட்டக்காரர் அதைத் திருப்பிச் சொன்னது: "உங்க சாமியை நீங்க விடமாட்டீங்க." "அதில்லீங்க." "எங்க சாமி வேண்டாங்கறீங்க." "அதுவும் இல்லீங்க." நாலாவது தடவைதான் வந்தது: "எவரும் வரல. வாக்கு மீற முடியாது. என்னைத் தூக்க வருவீங்க." சொல்லும்போதே அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிராளியின் சொல் நம் வாயில் ஏறினால் அது என்ன கனம் கனக்கிறது என்று அன்று பார்த்தேன்.

என் முறை வந்தது. மாமா என் பக்கம் திரும்பினார். ஒருவரிடமும் அதுவரை சொல்லாததை அங்கேதான் சொன்னார். "மாப்ளே, பாறைத் திருப்பத்துல நான் மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க கேட்டும் போனீங்க." கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. உன் அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள், உன்னை மடியில் வைத்துக்கொண்டு. அத்தனை வருஷம் ஊர் ஊராக எத்தனையோ பேர் சேதியைத் திருப்பிச் சொன்ன என் நாக்கு அன்று புரளவில்லை. "நீங்க கூப்பிட்டீங்க, எனக்குக் கேக்கல" என்றேன். "அதில்லை" என்றார். "நீங்க கூப்பிட்டீங்க, விலக்கு இருந்துச்சு" என்றேன். "அதில்லை." ராவுத்தருக்குத் தொழுகை நேரம் வந்தது. எழுந்து கொஞ்சம் தள்ளிப் பாயை விரித்தார். அவர் முடிக்கும் வரைக்கும் இரண்டு பக்கமும் வாய் பேசாமல் காத்திருந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். அந்த அமைதியில் எனக்கு ஓடி ஒளிய இடம் இல்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். "நீங்க மூணு தடவை கூப்பிட்டீங்க. நான் கேட்டும் போனேன்." மாமா "அதுதான்" என்றார். நான் அழுதேன், கண்ணு. ஊர் பார்க்க அழுதேன். உன் அம்மா அன்றிலிருந்து ஆடி மாதம் முடியும் வரை எனக்குச் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஒரே நாளில் முடியவில்லை. நாலு தடவை கூடினோம். இரண்டாவது தடவை கைகலப்பு வரை போய், பெண்கள் நடுவில் புகுந்து நிறுத்தினார்கள். முடிவில் வந்தது இது. ஐந்து வீடும் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டாம். பண்டிகைக்கு முன்னால் அம்மன் வருகிற பாதை முழுவதையும், புல் செதுக்கி, சரிந்த கல்லை எடுத்துக் கட்டி, அவர்கள் செப்பனிட வேண்டும். பாதை எல்லோருக்கும் பொது, அதில் அவர்கள் வாக்குக்குக் குறையில்லை. அம்மனுக்குச் சம்மதமா என்று பூக் கேட்டார்கள். பூ விழுகிற வரை அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் தூரத்தில் நின்று, தாங்கள் விட்டுவந்த அம்மன் என்ன சொல்லப் போகிறாளோ என்று தவித்ததை நினைத்து உன் மாமா இப்போதும் சிரிப்பார். வலப்பக்கப் பூ விழுந்தது, அம்மனுக்குச் சம்மதம். முள்ளை எடுத்துப் போடச் சொன்னார்கள். நானே போய் எடுத்தேன். ஒருவர் எழுந்து, இனி இந்த மாதிரி வராமல் இருக்கப் பாறைத் திருப்பத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நட்டுவிடலாம், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது என்றார். உன் மாமாதான் வேண்டாம் என்றார். "கல்லு எதுக்குங்க? கூப்பிட்டா ஆளு வரோணும்." அதனால்தான் இன்றைக்கும் அங்கே கல் இல்லை.

எல்லாம் தேனும் பாலுமாக ஆகிவிட்டது என்று உன்னிடம் சொல்லமாட்டேன். நம் பக்கத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் கடைசி வரை அந்த ஐந்து வீட்டார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஐந்தில் ஒரு குடும்பம் மனம் உடைந்து அடிவாரத்துக்கே போய்விட்டது. உன் மாமாவால் பிறகு சுமை தூக்க முடியவில்லை. அதனால்தான் எழுத்தைப் படித்து வாத்தியார் ஆனார். உனக்கும் எழுத்துச் சொன்னார், நாற்பது வயதில் எனக்கும் சொன்னார். இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன் என்றால், நான் தூக்கிவிடாமல் போன மனிதர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்ததால் எழுதுகிறேன். ஆனால் அதற்குப் பின் ஊற்றடியில் ஒரு குடம் உடையவில்லை. பட்டக்காரர் செத்தபோது பாடையின் முன் தண்டில் அந்த நாலு வீட்டு ஆண்களும் நின்றார்கள். உன் மாமா குட்டைக் காலோடு நாலு அடி தூக்கினார். ஐந்தாவது அடிக்கு நான் தோளை மாற்றிக்கொண்டேன்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். நீ செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நான் வேடிக்கை பார்த்த இடத்தில் நீ நடுவில் உட்கார்ந்தாய், கல்லடி வாங்கினாய். ஆனால் யார் சாமி பெரியது என்ற பேச்சை நீ உள்ளே விட்டிருக்கக் கூடாது. மறுபடி கூட்டு. கோவிலும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் வேண்டவே வேண்டாம். உன் பள்ளிக்கூடத்து மரத்தடி இருக்கிறதே, இரண்டு தெருப் பிள்ளைகளும் உட்காரும் இடம். உரக்கப் பேசுகிறவர்களை விட, கடை உடைந்த இரண்டு பேரையும் முதலில் உட்கார வை. வளையல் கடைக்காரர் சொல்வதை வெற்றிலைக் கடைக்காரர் திருப்பிச் சொல்லட்டும். அதற்கே ஒரு நாள் போகும், போகட்டும். பெண்களைக் கூப்பிடாமல் கூட்டாதே. மேளத்தை நிறுத்து என்றோ தொழுகையைத் தள்ளிவை என்றோ நீ சொல்லாதே. எவனுடைய வாக்கையும் நீ விலை பேசாதே. பயம் என்ன என்று மட்டும் கேள். பயத்தைச் சொல்லிவிட்டால், அப்புறம் வழியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஒரு பாதை கிடைத்தது. உங்களுக்கு என்ன கிடைக்குமோ எனக்குத் தெரியாது. கிடைக்காமலும் போகலாம். அப்போதும் நீ அங்கே இருந்தாக வேண்டும். மேலே ஏறி வந்து, இந்த வாசலில் உட்கார்ந்து, கீழே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதை உன்னால் தாங்க முடியாது. நான் ஒரு கல் உருண்ட சத்தத்தை இருபது வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அந்த ராவுத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் உன் ஊர்ப் பள்ளிவாசல் தெருவில்தான் மிளகு மண்டி வைத்திருக்கிறார். கோவில் தெருவில் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், முரடர், ஆனால் அவள் பேச்சுக்குக் கட்டுப்படுவார். உன் கடிதத்தை உன் மாமாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். பாறைத் திருப்பத்தைப் பற்றி உனக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். "அவனுக்கு எதுக்குங்க அது" என்றார் முதலில். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, "நடந்தே வாரேன், ரெண்டு நாள் ஆவும், முன்னாலயே கெளம்போணும்" என்றார். அவரைத் தனியாக விடமாட்டேன் என்று உன் அம்மாவும் கட்டுச்சோற்றுக்கு அரிசி எடுத்து வைத்துவிட்டாள். ஒரு கங்காணி, ஒரு நொண்டி, ஒரு பிடிவாதக்காரி, இந்தப் படையைப் பார்த்து உன் ஊர் பயந்து சமாதானம் ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நீ உட்காரும்போது உன் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம்.

நாளைக்குச் சந்தைக்கு இறங்குகிற ஆளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை விடியலில் நாங்கள் இறங்குகிறோம். பாறைத் திருப்பம் வரும்போது உன் மாமா முன்னால் நடப்பார், நான் பின்னால் வருவேன். நீ எங்கேயும் போகாதே. உன் கடிதத்தில் நீ யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை, லீவு போடுகிறேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் கீழே இறங்கிச் சரிந்த அந்த வரிகளைப் படித்தபோது, கை கொடுங்கள் என்று நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது கண்ணு. இந்தத் தடவை கேட்டுவிட்டேன். வந்துகொண்டிருக்கிறேன்.

உன் அப்பா